ஆய்வுக் காட்டில் பள்ளிப் பிள்ளைகள் என்ன கற்கிறார்கள்?

ஒரு பல்கலைக்கழகம் தனக்கென்று காடு வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதில், சுற்றுலா போய்வருவதைவிடக் கூடுதலாக என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சில ஆண்டுகள் வசித்தபோது, என் மகளின் வகுப்புக்குத் துணையாகப் போய்வந்த பெற்றோர்களில் நானும் ஒருவன். ஆகவே அங்கே பீட்டர்ஷாம் என்னும் சிற்றூரில் உள்ள ஹார்வர்டு காட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1907-இல் தொடங்கப்பட்ட இந்தக் காட்டின் பரப்பு ஏறத்தாழ 4,000 ஏக்கர். ஆதிகாலத்துக் காடு என்று எண்ணிப் போகிறவர்களுக்கு, மரங்களுக்கு நடுவே நீண்டு செல்லும் தாழ்வான கற்சுவர்கள் வியப்பளிக்கும். அவை பழைய பண்ணைகளின் வேலிகள். குடியேறிகள் வெட்டித் திருத்திய நிலத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கைவிட்டுச் சென்றார்கள். அதில் வெள்ளைப் பைன் தானாக முளைத்து வளர்ந்தது, அதையும் வெட்டினார்கள், பிறகு ஓக்கும் மேப்பிளும் எழுந்தன. 1938 செப்டம்பரில் வீசிய பெரும்புயல் அங்கே எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. இந்த வரலாற்றை அங்குள்ள ஃபிஷர் அருங்காட்சியகத்தில், ஒரே நிலப்பரப்பு வெவ்வேறு காலங்களில் எப்படி இருந்தது என்று சிறு மாதிரிக் காட்சிகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். உண்மையைச் சொன்னால் நானும்தான்.

ஆனால் உண்மையான பாடம் நடந்தது காட்டில் அல்ல, பள்ளி வளாகத்து மரத்தடியில். காட்டின் ஆய்வாளர்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். ஆசிரியர்கள் தங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள மரங்களில் கிளைகளுக்கு அடையாளம் கட்டி, அதே கிளைகளை இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் பிள்ளைகளைக் கொண்டு தொடர்ந்து பார்த்துக் குறிக்கச் செய்கிறார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. "மொட்டு விரிந்துவிட்டது" என்று ஒரு சிறுவன் சொல்ல, "பச்சை நுனிதான் தெரிகிறது, இலை எங்கே?" என்று என் மகள் மறுக்க, அரை மணி நேரம் அதிலேயே போய்விட்டது. இலையுதிர் காலத்தில், புழு பாதி தின்ற இலையை உதிர்ந்ததாகக் கொள்வதா, நிற்பதாகக் கொள்வதா என்று மறுபடியும் வழக்கு. எதை விரிதல் என்பது, எதை உதிர்தல் என்பது என்று முதலில் வரையறுத்துக்கொண்டு, பிறகு எல்லோரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதை அந்தப் பத்து வயதுப் பிள்ளைகள் சண்டையிட்டே கற்றுக்கொண்டார்கள். அவர்கள் குறித்த எண்கள் காட்டின் தரவுத்தளத்தில் சேர்கின்றன. அதே காட்டில் ஜான் ஓ'கீஃப் என்ற ஆய்வாளர் 1990 முதல் மரங்களின் துளிர்ப்பையும் உதிர்வையும் நேரில் நடந்து பார்த்துப் பதிவு செய்துவந்தார் என்பதைச் சொன்னபோதுதான், தங்கள் அட்டவணை வெறும் வீட்டுப்பாடம் இல்லை என்பது அவர்களுக்கு விளங்கியது.

அங்கே இளவேனில் என்பது முதலில் சேறுதான். பனி உருகித் தேங்கிய குட்டைகளில் வாத்து கத்துவதுபோல் ஒலி கேட்கும். போய்ப் பார்த்தால், குளிர்காலம் முழுதும் உடல் உறைந்து கிடந்து மீண்டெழுந்த காட்டுத் தவளைகள். செம்மேப்பிள் இலைவிடும் முன்பே பூத்துவிடும், ஓக் மே மாதம்வரை காக்க வைக்கும். குளிர்காலத்தில் பார்க்க ஒன்றுமிராது என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் ஹெம்லாக் மரத்தின் ஊசியிலைகளுக்கு அடியில் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் வெண்ணிறப் பூச்சிக்கூட்டைக் காட்டினார்கள். ஜப்பானிலிருந்து வந்த அந்தப் பூச்சி மரத்தின் சாற்றை உறிஞ்சிச் சில ஆண்டுகளில் மரத்தையே கொன்றுவிடும். கடுங்குளிர் அதைக் கட்டுப்படுத்தும். குளிர்காலம் மிதமாக ஆக ஆக அது வடக்கே நகர்கிறது. பருவநிலை மாற்றம் என்ற சொல்லை நான் அதுவரை செய்தித்தாளில்தான் பார்த்திருந்தேன்.

குறையும் உண்டு. இது முழுக்க ஆசிரியரின் ஆர்வத்தை நம்பி நடப்பது. எங்கள் வகுப்பாசிரியை வேறு ஊருக்கு மாறிப் போனார். மறு ஆண்டு இளவேனிலில் அந்தக் கிளைகளிடம் யாரும் போகவில்லை. சுற்றுலாவைத் தள்ளிப்போடலாம், அடுத்த ஆண்டு போய்க்கொள்ளலாம். அந்த மேப்பிள் அந்த ஆண்டு எந்த நாளில் துளிர்த்தது என்பதை இனி எவராலும் நிரப்ப முடியாது. அட்டவணையில் அந்த வரிசை வெறுமையாகவே இருக்கிறது.