எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டீர்கள், எத்தனை வருடம் என்று கேட்டீர்களா?

என் மடிக்கணினி ஆறாம் தலைமுறை ஐ5. நன்றாகத்தான் வேலை செய்கிறது. விண்டோஸ் 10இன் காலம் முடிந்தது, இனி இது குப்பை என்கிறார் பம்பலப்பிட்டிக் கடைக்காரர். பத்தாயிரம் ரூபா கொடுத்தால் விண்டோஸ் 11 ஏற்றித் தருவாராம். – ஆசிரியை, வெள்ளவத்தை

காலம் முடிந்தது உண்மை: 2025 ஒக்டோபர் 14. குப்பை என்பது பொய். ஐ5 என்பது கணினியின் மூளையான சிப்; அதில் உங்கள் தலைமுறையை மைக்ரோசொப்ட் விண்டோஸ் 11க்கு ஏற்பதில்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்புகள் வந்துகொண்டிருக்கும் என்று அந்த நிறுவனமே உறுதி தருவதில்லை. கடைக்காரர் தருவாரா? பத்தாயிரத்தைக் கைப்பையிலேயே வையுங்கள். மைக்ரோசொப்ட் கணக்கில் உள்நுழைந்து, அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால், 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை இலவசமாகப் பெறலாம். அதன் பிறகு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் இயங்குதளம் இருக்கிறது. அதற்கும் காசு இல்லை. வினாத்தாள், தமிழ்த் தட்டச்சு எல்லாம் அதில் நடக்கும். இந்தப் பத்தியே அதில்தான் எழுதப்படுகிறது. மாற்றுவதற்கு முன் கோப்புகளை வேறோர் இடத்தில் பிரதி எடுத்துவையுங்கள்.

புறக்கோட்டையில் பாதி விலைக்கு போன் வாங்கினேன். சிம் வேலை செய்யவில்லை. பற்றுச்சீட்டு தரவில்லை. – கொட்டாஞ்சேனை

நீங்கள் கேட்டீர்களா? கேட்டால் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். அடுத்த முறை பணத்தை எடுக்கும் முன் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை (போனின் அடையாள எண்), IMEI என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்த போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். ஒரு நிமிட வேலை. பாதி விலை என்றதும் அந்த ஒரு நிமிடம் எல்லோருக்கும் மறந்துபோகிறது.

செயற்கை நுண்ணறிவு மடிக்கணினிக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா? கணக்கு எழுதவும் மின்னஞ்சல் பார்க்கவும்தான். – தெஹிவளை

வேண்டாம்.

மகன் கனடாவிலிருந்து பார்ப்பதற்காக வாசலில் கமரா பூட்டினேன். மாதக் கட்டணமே இல்லை என்று சொல்லி விற்றார்கள். இப்போது இரண்டாம் மாதம். பழைய பதிவைப் பார்க்கச் சந்தா கேட்கிறது. கடையில் விசாரித்தால் 'அது கொம்பனி விஷயம்' என்கிறார்கள். – ஓய்வூதியர், மட்டக்குளி

ஐயா, உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. முதல் மாதம் இலவசம் என்பதைப் பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டுவிட்டு, கட்டணமே இல்லை என்று வாயால் சொல்லி விற்பது பழைய தந்திரம். விற்றவர்தான் பொறுப்பு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறையிடலாம். ஆனால் வாங்கி மூன்று மாதங்களுக்குள் செய்யவேண்டும்; ஆகவே இந்த வாரமே எழுதுங்கள். 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். பற்றுச்சீட்டு, பெட்டியின் படம், சந்தா கேட்கும் திரையின் படம் மூன்றையும் இணையுங்கள். இதற்கிடையில் கமராவில் சிறிய மெமரி கார்ட் செருகும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பல கமராக்கள் சந்தா இல்லாமலே அதில் பதியும்.

புதிய மாடிவீடு. விளக்கு, பூட்டு, ஏசி எல்லாம் தாமாகவே முடிவெடுத்து இயங்கும்படி அமைக்க விருப்பம். எதிர்காலம் அதுதானே? – நாரஹேன்பிட்டி

2018இல் எனக்கும் அந்த எதிர்காலம் பிடித்திருந்தது. நான்கு வைஃபை மின்குமிழ்கள் வாங்கினேன். 2022 மின்வெட்டுக் காலத்தில் நள்ளிரவில் மின்சாரம் வந்ததும் நான்கும் சேர்ந்து முழு வெளிச்சத்தில் எரிந்து வீட்டையே எழுப்பும். பிறகு ஒருநாள் அவற்றின் செயலி காணாமற் போயிற்று. குளியலறைக் குமிழ் ஊதா நிறத்திலேயே நின்றுவிட்டது. விருந்தினர்கள் காரணம் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

என் இழப்பு சில்லறை. ரெவோல்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சுமார் 300 டொலருக்கு வாங்கியவர்கள் இருந்தார்கள். அதைத் தயாரித்த நிறுவனத்தை கூகுளின் நெஸ்ட் 2014இல் வாங்கி, 2016 மே மாதம் அந்தக் கருவி இயங்கத் தேவையான சேர்வரை நிறுத்தியது. கருவி உடையவில்லை, கருகவில்லை, வெறும் பெட்டியாயிற்று. 2024இல் 699 டொலருக்கு வந்த, சட்டையில் பொருத்தும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான 'ஹியூமேன் ஏஐ பின்', அடுத்த வருடம் பெப்ரவரி 28உடன் அணைந்தது. காசு கொடுத்தவர் நீங்கள், சுவிட்ச் வேறொருவர் கையில். இதற்கு வாடகை என்று பெயர், வாங்குதல் என்றல்ல.

ஆகவே கடையில் ரவுட்டரின் இணையக் கேபிளைக் கழற்றச் சொல்லி, பொருளை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வெளியே வாருங்கள். 2022இல் வந்த மேட்டர் (Matter) என்ற, இத்தகைய வீட்டுக் கருவிகளுக்கான பொதுத் தரநிலைக்கு ஏற்ற பொருள்கள் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே இயங்கும்படி வகுக்கப்பட்டவை. அந்த அடையாளத்தைத் தேடுங்கள். பூட்டில் சாவித் துவாரம் இருக்கட்டும். பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த வருடம் வரை என்றும் கேளுங்கள். பிக்சல் 8, கலக்ஸி எஸ்24 போன்களுக்கு ஏழு வருடம் என்று அறிவித்தே விற்றார்கள். போனுக்குச் சொல்ல முடிந்தால் வாசற்கதவுக்கும் சொல்லலாமே.

சாரதி இல்லாத கார் கொழும்புக்கு வரும்வரை கார் வாங்காமல் காத்திருக்கலாமா? – பொரளை

மாலை ஐந்தரைக்கு உங்கள் பொரளைச் சந்தியில் நின்று, முச்சக்கர வண்டி ஒன்று எந்தப் பக்கம் திரும்பும் என்று நீங்களே ஊகித்துப் பாருங்கள். அதுவரை பஸ் ஓடுகிறது.