புனைகதைகளில் பிறந்த சொற்கள் அன்றாட ஆங்கிலத்தில் நிலைபெறுவது எப்படி?

ஓர் எழுத்தாளர் தம் கதைக்காகப் புனைந்த சொல், அக்கதையைப் படிக்காதவர்களின் பேச்சிலும் எவ்வாறு புகுந்துவிடுகிறது என்பதே கேள்வி. அதுவரை பெயரின்றி இருந்த ஒன்றுக்கு அச்சொல் பெயராக அமைய வேண்டும். கதையின் துணையின்றித் தனித்து வழங்கவும் வேண்டும். இவ்விரண்டும் கூடிவந்தால்தான் அது நிகழும் என்பது என் கருத்து.

'ரோபோ' இதற்கு மிகச் சிறந்த சான்று. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட 'ஆர்.யு.ஆர்.' என்னும் நாடகத்தில் வரும் இச்சொல்லை அவருக்கு எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். நிலவுடைமையாளருக்குக் குடியானவர்கள் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'ரொபோட்டா' என்ற செக் சொல்லே இதன் வேர். அந்நாடகத்து ரோபோக்கள், உயிர்த்தசை போன்ற ஒரு பொருளைக்கொண்டு ஆலையில் உருவாக்கப்பட்டு, மனிதரைப் போலவே தோற்றமளிப்பவை. இன்றோ உலோக எந்திரமே நம் மனக்கண்முன் வருகிறது. பெயர் நிலைத்துவிட, அடிமை உழைப்பைப் பற்றி நாடகம் எழுப்பிய கேள்வி அதிலிருந்து உதிர்ந்துபோனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

ஜோசப் ஹெல்லர் 1961இல் வெளியிட்ட நாவலின் தலைப்பான 'கேட்ச்-22', ஒரு பொருளுக்கு அல்லாமல் ஒரு சிக்கலுக்கே பெயரானது. மனநிலை பிறழ்ந்த போர் விமானி பறக்க வேண்டியதில்லை. ஆனால் விலக்கு வேண்டுமென்று அவரே கேட்க வேண்டும். உயிருக்கு அஞ்சிக் கேட்பதாலேயே அவர் அறிவு தெளிந்தவர் என்றாகிவிடுவதால் பறந்தே தீர வேண்டும். அனுபவம் இல்லாதவருக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவருக்கு அனுபவம் கிட்டாது என்ற நிலையில் நிற்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த எண் முதலில் 18 ஆகத்தான் இருந்தது. அதே காலத்தில் வந்த வேறொரு நாவலின் தலைப்பிலும் 18 இருந்ததால் மாற்றப்பட்டது.

வில்லியம் கிப்சன் 1982இல் ஒரு சிறுகதையில் பயன்படுத்திய 'சைபர்ஸ்பேஸ்' என்ற சொல்லுக்கு, பின்னர் பரவிய இணையமே பொருள் தந்தது.

எனினும், புனைந்த சொற்களில் பெரும்பாலானவை நூலைவிட்டு வெளியே வருவதில்லை. லூயிஸ் கரோல் 1871இல் வெளியிட்ட ஆலிஸ் கதையின் இரண்டாம் நூலில் உள்ள 'ஜாபர்வாக்கி' என்ற கவிதை முழுவதும் அவர் படைத்த சொற்கள் நிறைந்துள்ளன. அவற்றுள் 'சார்ட்டில்' அன்றாட வினைச்சொல்லாகிவிட்டது. வாய்க்குள் சிரிப்பதைக் குறிக்கும் 'சக்கிள்', மூக்கால் ஒலியெழுப்புவதைக் குறிக்கும் 'ஸ்நார்ட்' ஆகிய இரண்டும் அதில் கலந்திருப்பதாகக் கருதப்படுகிறது. அடக்கமுடியாமல் மகிழ்ச்சி பீறிடும் அந்தச் சிரிப்பு அதன் ஓசையிலேயே கேட்கிறது. 'ஸ்லைதி', 'மிம்ஸி' ஆகியவையும் ஓசையழகு மிக்கவையே. ஆயினும் எதைச் சுட்ட அவற்றை எடுத்தாள்வது என்பது அக்கவிதைக்கு வெளியே எவருக்கும் புலப்படவில்லை.