நாலு நாள், முழங்கால் வலியுள்ள அம்மா, 2,600 வயது மரம்

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பிப்ரவரி கடைசியில் புவனஸ் அயர்ஸில் எனக்கு அலுவலக வேலை. அது முடிந்ததும் நாலு நாள் கையில் இருக்கிறது. கூட அம்மாவும் வருகிறார். 66 வயது, முழங்காலில் வலி உண்டு. அர்ஜென்டினாவின் லோஸ் அலெர்செஸ் தேசியப் பூங்காவில் உள்ள மிகப் பழைய மரத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பரிலோச்சேயில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் போய்வந்துவிடலாம் என்கிறார்கள். முடியுமா?”

ஒரே நாளில் வேண்டாம். பரிலோச்சேயிலிருந்து எஸ்கெல் ஊர் மட்டுமே 290 கிலோமீட்டர் இருக்கும். அதற்கப்புறம்தான் பூங்கா, மண்சாலை, படகு எல்லாம். அம்மாவைக் காரிலேயே உட்கார வைத்துக் களைக்க வைத்த மாதிரி ஆகிவிடும். பரிலோச்சேயை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். புவனஸ் அயர்ஸிலிருந்து எஸ்கெலுக்கே விமானம் உண்டு. எல்லா நாளும் இருக்காது, ஆகவே முதலில் அந்தத் தேதிகளைப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள். எஸ்கெலிலிருந்து பூங்காவின் வாசல் ஊரான வில்யா ஃபுதலாஃப்கென் 50 கிலோமீட்டர்தான்.

அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்தப் பகுதிப் பழங்குடிகளான மபூச்சே மக்களின் மொழியில் ‘ஃபுதா’ என்றால் பெரிய, ‘லாஃப்கென்’ என்றால் ஏரி. பெரிய ஏரி, அவ்வளவுதான். பூங்காவின் பெயரில் இருக்கும் ‘அலெர்சே’தான் நீங்கள் பார்க்கப்போகும் மரத்தின் இனம்; அந்தப் பெயர் பிறந்த கதை வேறு. ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊரின் லார்ச் மரம் என்று தப்பாக நினைத்து வைத்த பெயர் அது. மபூச்சே மக்கள் இதை லாவான் என்கிறார்கள்.

நாலு நாளில் முதல் நாள் வந்து சேரவே சரியாக இருக்கும். மரத்துக்குப் போகும் படகுப் பயணத்தை இரண்டாம் நாளுக்குப் பதிவு செய்யுங்கள், மூன்றாம் நாளை எதற்கும் ஒப்புக்கொடுக்காமல் வையுங்கள். படகு கடக்கும் மெனேந்தெஸ் ஏரியில் மேற்கிலிருந்து காற்று பலமாக வீசினால் படகு போகாது. முதல் தடவை நான் மூன்றாம் நாளுக்குப் பதிவு செய்திருந்தேன், காற்று எழும்பிவிட்டது, மறுநாள் காலை விமானம். மரத்தைப் பார்க்காமலே திரும்பினேன். அந்த ஏமாற்றம் உங்கள் அம்மாவுக்கு வரக்கூடாது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்த மரத்தைப் பார்க்கப் படகைத் தவிர வேறு வழி கிடையாது. அது நிற்கும் மேற்குக் காடு கடுமையாகக் காக்கப்படும் பகுதி; அனுமதி பெற்ற படகில், வழிகாட்டியோடு மட்டும்தான் போகலாம். அராயானெஸ் ஆற்றின் மேல் ஒரு தொங்குபாலம் இருக்கிறது. அதைக் கடந்து காட்டுக்குள் ஒன்றரை கிலோமீட்டர் போல நடந்தால் சுக்காவோ படகுத்துறை. அங்கிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் தொர்ரெசியாஸ் மலையின் பனியாறு தெரியும். இறங்கியதும் சிஸ்னே ஏரி ஓரமாக ஒரு காட்டு நடை. ஏற்ற இறக்கமும் படிகளும் உண்டு. கரடுமுரடான மலையேற்றம் இல்லை, ஆனால் மழை பெய்தால் பலகைகளும் வேர்களும் வழுக்கும். முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். ஒரு ஊன்றுகோலும் பிடிப்புள்ள காலணியும் கட்டாயம். பதிவு செய்யும்போதே அம்மாவின் வலியைச் சொல்லி, மெதுவாக நடக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மரத்தின் பெயர் எல் அபுவேலோ, தாத்தா. உயரம் 57 மீட்டர், அடிமரத்தின் குறுக்களவு 2.2 மீட்டர், வயது சுமார் 2,600 ஆண்டுகள். ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பருக்கவில்லை. முன்னால் போய் நின்றால் உச்சி தெரியாது. அண்ணாந்து கழுத்து வலிக்கப் பார்ப்பதைவிடப் பட்டையைப் பாருங்கள் என்பேன். செம்பழுப்பு நிறத்தில், நீள நீளமாக, உரித்த தேங்காய் மட்டையின் நார்போல இருக்கும். இந்த நாரைத்தான் அந்தக் காலத்தில் படகுப் பலகைகளின் இடுக்கில் அடைத்தார்கள். மரத்தைப் பிளந்து கூரைக்கு ஓடுபோல வேய்ந்தார்கள்; எவ்வளவு மழை பெய்தாலும் லேசில் மக்காது. அந்தக் குணமே அதற்கு எமனாகி, காடு காடாக வெட்டப்பட்டது. இங்கே மிஞ்சியதைக் காக்கத்தான் 1937-ல் பூங்கா வந்தது. 2017-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மரத்தடியில் பாதையை விட்டு இறங்காதீர்கள். படம் எடுக்க ஆளுக்கு ஓரடி உள்ளே வைத்தால் வேர்மேல் மண் இறுகிப் போகும்.

படகு ரத்தானாலோ, அன்று அம்மாவின் கால் ஒத்துழைக்காவிட்டாலோ, மனம் தளர வேண்டாம். சுக்காவோ துறைக்குப் பக்கத்திலேயே தனியாக ஓர் அலெர்சே நிற்கிறது. வயது குறைவுதான், ஆனாலும் அதே இனம், அதே பட்டை. அதோடு அந்தத் தொங்குபாலத்தின் கீழே ஓடும் ஆறு இருக்கிறதே, அது ஒன்றுக்காகவே இவ்வளவு தூரம் வரலாம். பச்சையும் நீலமும் கலந்த தண்ணீரில் அடியில் கிடக்கும் கல் தெரியும். கரையில் அராயான் மரங்கள், இலவங்கப்பட்டை நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு. உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வெயில் நேரத்திலும் சில்லென்று இருக்கும். அம்மாவை அங்கே ஒரு மணி நேரம் உட்கார விடுங்கள்.

படகு இரண்டாம் நாளே போய்விட்டால், மூன்றாம் நாளைத் திரெவெலினில் கழிக்கலாம். வேல்ஸிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர். தேநீர்க் கடைகளில் கேக்கும் ரொட்டியும் வயிறு நிறையக் கிடைக்கும், இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் கவலையில்லை. பூங்காவின் தெற்கே ஃபுதலேஃபு அணையும் உண்டு. 1970-களில் அலுமினிய ஆலையின் மின்சாரத்துக்காகக் கட்டியபோது சில ஏரிகள் மூழ்கிப்போயின. அந்த நீர்த்தேக்கத்துக்கு வைத்த பெயர் அமுத்துய் கிமேய். தொலைந்துபோன அழகு என்று பொருள் சொல்கிறார்கள். ஏரிகளைப் பார்க்க வருகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

காரைப் பற்றி: பூங்காவின் ஊடே போகும் 71-ஆம் எண் சாலை பெரும்பாலும் சரளை மண். வேகம் 40-ஐத் தாண்டாமல் ஓட்டுங்கள், திடீரென்று பிரேக் போடாதீர்கள். எஸ்கெலிலேயே டேங்கை நிரப்பி, பணமும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனால் செல்போன் சிக்னலை நம்ப முடியாது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் அவசரமே வேண்டாம். நெருப்பு மூட்டுவது குறிக்கப்பட்ட இடங்களில் மட்டும். 2024 ஜனவரியில் பிடித்த தீ ஆயிரக்கணக்கான ஹெக்டேர் காட்டைத் தின்றது. ஜனவரியின் குதிரை ஈக்கள் நீங்கள் போகும்போது ஓய்ந்திருக்கும், பதிலுக்கு மஞ்சள் குளவிகள் வரும். வெளியே சாப்பிடும்போது குளிர்பான டப்பாவை வாயில் வைக்கும் முன் உள்ளே பாருங்கள்.

மரக் குடிலில் தங்குவதாக இருந்தால் இன்னொன்று, இதுதான் முக்கியம். அந்தப் பகுதியில் நீண்ட வால் கொண்ட ஒரு காட்டெலி ஹந்தா வைரஸைச் சுமக்கிறது. அதன் எச்சமும் சிறுநீரும் காய்ந்து தூசியாகி மூச்சில் போனால் நோய் வரும். பூங்காவுக்கு வடக்கே எபுயென் ஊரில் 2018 கடைசியில் பரவியபோது 11 பேர் இறந்தார்கள். பயப்பட வேண்டியதில்லை, பழக்கம்தான் வேண்டும். பூட்டிக் கிடந்த குடிலின் கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். உலர்ந்த தரையைப் பெருக்காமல், பிளீச்சிங் கலந்த தண்ணீரால் துடைக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டை மூடி வையுங்கள். ஊர் திரும்பி ஆறு வாரத்துக்குள் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால், டெங்குவாக இருக்கும் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் போய், பாட்டகோனியாவில் (இந்தத் தென்பகுதியின் பெயர்) காட்டுக் குடிலில் தங்கினோம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.