ஓவர்டைம் கணக்கு: 26 நாளால் வகுப்பது சரியா?

கேள்வி: சிங்கப்பூரில், துவாஸில் கட்டுமான வேலை. மாத அடிப்படைச் சம்பளம் 900 வெள்ளி (டாலர்). ஓவர்டைமுக்கு மணிக்கு 6.49 போடுகிறார்கள். சரிதானா?

குறைவு. 900-ஐ 26 நாளால் வகுத்து, அப்புறம் 8 மணி நேரத்தால் வகுத்து, ஒன்றரை மடங்கு போட்டிருக்கிறார்கள். சட்டக் கணக்கு வேறு. மாதச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி 2,288-ஆல் வகுக்க வேண்டும் (52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம்). மணிக்கு 4.72 வெள்ளி வரும். ஒன்றரை மடங்கு 7.08. மணிக்கு 59 காசுதானே என்று விட்டுவிடாதீர்கள். 60 மணி நேரம் ஓவர்டைம் பார்த்த மாதத்தில் 35 வெள்ளி போய்விடும். இந்தக் கணக்கில் படிகள் (அலவன்ஸ்) சேராது. சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் என்று போட்டிருக்கும் வரியை மட்டும் பாருங்கள்.

கேள்வி: அவசர வேலை என்று சூப்பர்வைசர் 14 மணி நேரம் கேட்டார். நானும் சரி என்றேன். தப்பா?

தப்பு உங்கள்மேல் இல்லை. ஓவர்டைமும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 மணி நேரம்தான். விபத்து, இயந்திரத்தில் அவசர வேலை, யாரும் எதிர்பாராத தடங்கல் போன்றவற்றுக்குத்தான் விலக்கு. ஒப்படைக்கும் தேதி நெருங்குவதெல்லாம் அதில் வராது என்பது என் கருத்து. அது முதல் நாளே தெரிந்த தேதிதானே! ஓவர்டைம் மாதத்துக்கு 72 மணி நேரம் வரைதான். அதைத் தாண்ட மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். நீங்கள் தலையாட்டியதால் வரம்பு மாறாது.

கேள்வி: ஞாயிறு என் ஓய்வு நாள். முழு நாள் வேலை செய்தேன், ஒரு நாள் சம்பளம்தான் தந்தார்கள்.

வேலைக்கு வரச் சொன்னது யார்? முதலாளி என்றால் இரண்டு நாள் சம்பளம். நீங்களாகக் கேட்டு வந்திருந்தால் ஒரு நாள்தான். அதனால் 'நாளைக்கு வா' என்று வந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள்.

கேள்வி: அலுவலகக் கணக்கர் நான். சம்பளம் 3,000 வெள்ளி. ஓவர்டைம் உண்டா?

சட்டப்படி இல்லை. ஓவர்டைம் உரிமைக்கு மாத அடிப்படைச் சம்பள வரம்பு உடலுழைப்புத் தொழிலாளிக்கு 4,500 வெள்ளி, மற்றவர்களுக்கு 2,600. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கேட்கலாம்.

கேள்வி: வேலையை விட்டு நான்கு மாதம் ஆகிறது. இன்னும் புகார் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் சீக்கிரம். வேலையை விட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் டி.ஏ.டி.எம்.மில் (TADM, சம்பளத் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் முத்தரப்பு அமைப்பு) பதிய வேண்டும். வந்த நேரம், போன நேரம் குறித்த நோட்டு இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.