அண்ணனுக்குப் பாடம், தங்கைக்குக் காவல்

ஏழு வயது மகனுக்குக் கணக்கு சொல்லித் தரும் நேரத்தில் ஒன்றரை வயது மகள் அவனுடைய எண்ணும் மணிகள், காந்தங்கள் எல்லாவற்றையும் வாயில் போடுகிறாள், அவளைத் தனி அறையில் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மூச்சு அடைத்தால் குழந்தையால் கத்த முடியாது, உங்களுக்குக் கேட்கவே கேட்காது.

அவள் உங்கள் கண்ணெதிரே தரையில் விளையாடட்டும், அவனுடைய பொருட்கள் மேசைக்கு ஏறட்டும். டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக்குழாய்க்குள் நுழைகிற எதுவும் மூன்று வயது வரை அவள் கைக்கு எட்டக் கூடாது. பாடம் முடிந்ததும் மணிகளை அவனே எண்ணி டப்பாவில் போடட்டும், அதுவும் கணக்குதானே!

காந்தத்தையும் பட்டன் பேட்டரியையும் (பொத்தான் போன்ற சின்ன வட்ட பேட்டரி) மட்டும் வீட்டை விட்டே அனுப்பிவிடுங்கள். இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கும். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்குப் போங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

அப்புறம், கடினமான பாடங்களை அவள் தூங்கும் நேரத்துக்கு ஒதுக்குங்கள். ஏழு வயதுக்கு ஒரே மூச்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே பெரிய விஷயம்.