நெல் வயலில் 2,4-டி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 2,4-டி என்னும் களைக்கொல்லியைத் தெளித்தால் ஆரைக்கீரை, நீர்மேல்நெருப்பு முதலிய களைகள் மடிகின்றன, நெல் மட்டும் எப்படித் தப்புகிறது?

பதில்: 2,4-டைகுளோரோபீனாக்ஸி அசிட்டிக் அமிலம் என்பது இதன் முழுப் பெயர். செடிகள் தாமே உண்டாக்கிக்கொள்ளும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியைப் போலவே இதுவும் வேலை செய்கிறது. ஆனால், தேவைக்கு மிஞ்சிய ஆக்சினைச் சிதைத்துவிடும் அகன்ற இலைக் களைகளால் இதை எளிதில் சிதைக்க முடிவதில்லை. ஆகவே அவற்றின் வளர்ச்சி கட்டுமீறி, தண்டு முறுக்கிக்கொண்டு, சாறு கடத்தும் திசுக்கள் நசிந்து, செடி காய்கிறது. புல்லினமான நெல்லில் மருந்து பரவுவது குறைவு. பரவியதையும் நெல்லின் நொதிகள் வேதிமாற்றம் செய்து முடக்கிவிடுகின்றன. நெல்லைப் போலவே புல்லினக் களையான குதிரைவாலிப் புல்லும் இம்மருந்துக்குச் சாகாமல் நிற்பது இதனால்தான்.

கேள்வி: எவ்வளவு, எப்போது தெளிக்க வேண்டும்?

பதில்: 80 சதவீத சோடியம் உப்புத் தூளானால் ஹெக்டேருக்கு 1.25 கிலோவை 625 லிட்டர் நீரில் கரைத்து, நடவு செய்த மூன்றாம் வாரத்தில், களைகள் மூன்று நான்கு இலைகளோடு இருக்கும்போது, கைத்தெளிப்பானால் தெளிக்கலாம். ஏக்கருக்கு 500 கிராம், 250 லிட்டர் நீர். அதாவது 10 லிட்டர் டேங்க் ஒன்றுக்கு 20 கிராம். களையின் இலை மருந்தில் நனைய வேண்டுமாதலால் முதலில் வயல் நீரை வடித்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துப் பாய்ச்சுங்கள். நெல் எந்த வயதிலும் இம்மருந்தைத் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது: மிக இளம் நாற்றிலும், கதிர் உருவாகத் தொடங்கிய பின்னும் தெளித்தால் இலை குழலாகச் சுருளும், கதிரும் சிதைந்து வரும்.

கேள்வி: குறுவை வயலில் தெளித்தேன். பக்கத்து நிலத்துக் கோடைப் பருத்தியின் கொழுந்து இலைகள் குறுகி, விரல் விரலாகப் பிரிந்துவிட்டன. இதனால்தானா?

பதில்: பெரும்பாலும் இதனால்தான். நரம்புகள் நெருங்கி, இலை வெண்டை இலைபோல் பிளவுபடுவது 2,4-டி பட்ட பருத்தியின் தெளிவான அடையாளம். பருத்தி, திராட்சை, தக்காளி ஆகியவை இம்மருந்தின் மிகச் சிறிய அளவையும் தாங்குவதில்லை. காற்றில் சிதறும் துளி ஒரு வழி; மற்றொன்று ஆவி. கடையில் கிடைக்கும் 2,4-டி வகைகளில் சோடியம், அமைன் உப்புகள் அவ்வளவாக ஆவியாவதில்லை. ஆனால் எத்தில் எஸ்டர் என்னும் வகை வெயில் நாளில் தெளித்த பிறகும் ஆவியாகி நகரும். ஆகவே பருத்தி நிற்கும் ஊரில் எஸ்டர் வகையை அறவே தவிர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. உப்பு வகையையும் காற்றடங்கிய வேளையில், பெருந்துளி விழும் நாசிலைக் கொண்டு தெளியுங்கள். 2,4-டிக்கென்று தனித் தெளிப்பான் வைத்திருப்பது நல்லது. இயலாதபோது சலவைச் சோடா கரைத்த நீரை இரவு முழுதும் ஊறவிட்டுப் பலமுறை கழுவுங்கள். ஏனெனில் குழாயில் தங்கிய மிச்சமே பருத்திக்குப் போதும்.

கேள்வி: வியட்நாமில் கொட்டப்பட்ட விஷம் இதுதானாமே?

பதில்: போரின்போது அங்கே கொட்டப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சு என்பது 2,4-டி, 2,4,5-டி (2,4,5-ட்ரைகுளோரோபீனாக்ஸி அசிட்டிக் அமிலம் என்னும் வேறொரு களைக்கொல்லி) ஆகிய இரண்டின் எஸ்டர்களும் ஏறக்குறையச் சமமாகக் கலந்த கலவை. அதிலிருந்த கொடிய டயாக்சின், 2,4,5-டி தயாரிப்பில் உண்டான மாசு. அதற்காக 2,4-டி தீங்கற்றது என்று ஆகிவிடாது: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் இதனைப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ள 2பி பிரிவில் சேர்த்தது. கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும். கண்ணாடியும் கையுறையும் இன்றித் தெளிக்காதீர்கள்.

கேள்வி: அறுவடைக்குப் பின் உளுந்து விதைக்கலாமா?

பதில்: விதைக்கலாம். ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் இதைச் சில வாரங்களில் சிதைத்துவிடும். அறுவடைக்கோ அதைவிட நெடுநாள் இருக்கிறது.