காரீயத்தின் குறியீடு ஏன் 'பிபி'?

ஆங்கிலத்தில் காரீயத்தை 'லெட்' என்கிறோம், குறியீடு மட்டும் ஏன் 'பிபி' என்று கேட்டிருக்கிறீர்கள். அது லத்தீன் பெயரான 'ப்ளம்பம்' என்பதிலிருந்து வந்தது. 1813-14 வாக்கில் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் எழுத்துக் குறியீடுகளை வகுத்தபோது லத்தீன் பெயர்களையே எடுத்துக்கொண்டார்.

ரோமானியர்கள் தண்ணீர்க் குழாய்களைக் காரீயத்தில் செய்தார்கள். 'பிளம்பர்' என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். ஆங்கிலேயர் அதன் நடுவிலுள்ள 'பி'யை (b) எழுதுவதோடு சரி, உச்சரிக்க மாட்டார்கள். நாம்தான் விடாமல் சொல்கிறோம்!

இன்னொன்று. ரோமானியருக்குக் காரீயம் 'கறுப்பு ப்ளம்பம்', வெள்ளீயம் 'வெள்ளை ப்ளம்பம்'. நம் பெயர்களிலும் அதே கறுப்பு வெள்ளைக் கணக்குதான். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. அதன் குறியீடு 'எஸ்என்', லத்தீனில் 'ஸ்டான்னம்'. காரீயமோ நஞ்சு, அடுப்படிப் பக்கமே வரக்கூடாது.